பச்சைக் கம்பியின் காவல்

நுழையும்முன்

வீட்டிற்குள் வரும் மின்சாரத்தை நாம் காண்பதில்லை; அது செய்யும் பணிகளையே காண்கிறோம். விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, கிணற்று நீர் மேல்தொட்டிக்கு ஏறுகிறது. இப்பணிகளைச் செய்ய இரண்டு கம்பிகள் போதும். ஆயினும் மூன்றாவதாகப் பச்சை நிறக் கம்பி ஒன்று சுவருக்குள் ஓடுகிறது. ஆண்டுக்கணக்கில் எப்பணியும் செய்யாமல் அது காத்திருக்கிறது. அதன் காத்திருப்பின் பொருளையும், அதனை முறையாக அமைக்கத் தகுதியுடையவரைத் தேர்ந்தெடுக்கும் வழியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சுருக்கென்ற ஒரு நொடி

ஐப்பசி மழை விடாது பெய்துகொண்டிருக்கும் ஒரு காலைப்பொழுதைக் கற்பனை செய்துகொள்வோம். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று மாவரைத்துக்கொண்டிருக்கிறார் ஓர் அம்மா. கிரைண்டரின் உலோகப் பகுதியில் விரல் பட்டதும் ‘சுருக்’ என்று கையை இழுத்துக்கொள்கிறார். “மழைக்காலத்தில் இப்படித்தான் இருக்கும். செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் ஒன்றும் செய்யாது” என்கின்றனர் வீட்டிலுள்ளோர். அன்று முதல் ரப்பர்ச் செருப்பு ஒன்று கிரைண்டருக்கு அருகில் நிலையான இடம்பிடித்துக்கொள்கிறது.

இக்காட்சி நமக்குப் புதிதன்று. குளிர்பதனப் பெட்டியின் கதவிலும், நீரேற்றியின் குழாயிலும், இஸ்திரிப் பெட்டியிலும் இத்தகைய சிறு சுருக்கை உணர்ந்தவர் நம்மிடையே பலர் உண்டு. அது தானாக நின்றுவிட்டால் மறந்துவிடுகிறோம், தொடர்ந்தால் பழகிக்கொள்கிறோம். ஆனால், அந்த ஒரு நொடியில் மின்சாரம் இரண்டு செய்திகளைச் சொல்லிவிட்டது. தான் செல்லக்கூடாத உலோக உடலுக்குத் தான் வந்துவிட்டதாகச் சொன்னது. அங்கிருந்து தரைக்குச் செல்லத் தனக்கு முறையான வழி அமைக்கப்படவில்லை என்பதையும் சொன்னது. செருப்பு அச்செய்தியை மறைத்ததே அன்றிக் குறையை நீக்கவில்லை.

உடலும் மின்னோட்டமும்

இறந்த தவளையின் கால்தசைகள் மின்தூண்டலால் துடிப்பதை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் லூயிஜி கால்வானி, தம் ஆய்வை 1791 ஆம் ஆண்டு வெளியிட்டார். தசையும் நரம்பும் மின்குறிப்புகளால் இயங்குகின்றன என்னும் அறிவு அங்கிருந்து வளர்ந்தது. நம் இதயம் சீராகத் துடிப்பதும் அது தனக்குள் உண்டாக்கிக்கொள்ளும் மிக நுண்ணிய மின்துடிப்புகளால்தான். வெளியிலிருந்து பாயும் மின்னோட்டம் அந்த ஒழுங்கைக் குலைத்துவிடும். மின்னதிர்ச்சியால் உயிர் போவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

எவ்வளவு மின்னோட்டம் ஆபத்தானது? ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் உடல் அதனை உணர்கிறது. அதனினும் மிகும்போது தசைகள் இறுகுகின்றன. பிடித்த கம்பியை விட நினைத்தாலும் விரல்கள் விரிவதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், தாமாக முன்வந்தோரிடம் இதனை அளந்தார். கையை விடுவித்துக்கொள்ள இயலும் மின்னோட்டத்தின் சராசரி எல்லை ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என அவர் கண்டார். ‘மின்சாரம் பிடித்து இழுத்துக்கொண்டது’ என்று மக்கள் சொல்வதன் உண்மை இதுதான். இழுப்பது மின்சாரம் அன்று. இறுகிப்போவது நம் தசையே. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சிறிது நேரம் நீடித்தால் இதயத்துடிப்பு நிலைகுலையும் வாய்ப்பு உண்டு.

நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். உலர்ந்த தோலின் மின்தடை மிகுதி. நனைந்த உடலில் அது ஏறத்தாழ 1000 ஓம் அளவிற்குக் குறைந்துவிடும். ஓம் விதியின்படி 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் கிடைப்பது 230 மில்லி ஆம்பியர். ஒரு 9 வாட் எல்.இ.டி. விளக்கு எரிய ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் தேவைப்படுகிறது. ஒரு சிறு விளக்கை எரியவைக்கும் மின்னோட்டமே ஓர் உயிரை அணைக்கப் போதுமானது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. வறண்ட கோடையில் சிறு சுருக்காக இருந்தது, மழைக்காலத்தில் உயிரிழப்பாக மாறுவதும் இதனால்தான்.

மூன்றாம் கம்பி

வீட்டு மின்சுற்றில் மின்னோட்டத்தைக் கொண்டுவரும் கம்பியை மின்னோட்டமுள்ள கம்பி என்கிறோம். வழக்கில் ‘ஃபேஸ்’ என்பர். திரும்பிச் செல்லும் வழி நடுநிலைக் கம்பி, வழக்கில் ‘நியூட்ரல்’. மூன்றாவது புவியிணைப்புக் கம்பி, வழக்கில் ‘எர்த்’. நம் நாட்டு ஒருமுனை மின்னமைப்பில் ஃபேஸ் கம்பிக்குப் பெரும்பாலும் சிவப்பும், நடுநிலைக் கம்பிக்குக் கறுப்பும், புவியிணைப்புக் கம்பிக்குப் பச்சையும் வண்ணங்களாக அமைகின்றன.

பச்சைக் கம்பியின் ஒரு முனை கருவியின் உலோக உடலோடும், மறுமுனை வீட்டருகே தோண்டப்பட்ட புவியிணைப்புக் குழியோடும் இணைந்திருக்கும். குழியில் உலோகக் குழாயோ தகடோ புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் இடுவது பழைய முறை. தெருவிலுள்ள மின்மாற்றியின் நடுநிலை முனையும் இவ்வாறே தரையோடு இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே, உலோக உடலுக்குக் கசிந்த மின்னோட்டம் தரைவழியே மின்மாற்றிக்குத் திரும்ப முயல்கிறது. பச்சைக் கம்பி இருந்தால் அதன் பெரும்பகுதி எளிய வழியாகிய அக்கம்பியில் செல்லும். இல்லையெனில், தொடுபவரின் உடலே அதற்கு வழியாகும்.

மும்முனைச் செருகியை உற்றுநோக்குங்கள். மேலுள்ள முனை மற்ற இரண்டையும்விட நீளமாகவும் பருமனாகவும் இருக்கும். அதுவே புவியிணைப்பு முனை. செருகும்போது அது முதலில் இணைகிறது. பிடுங்கும்போது இறுதியாகப் பிரிகிறது. கருவிக்குள் மின்னோட்டம் நுழையும் முன்பே காவல் நிலைபெற்றுவிடுகிறது; மின்னோட்டம் வெளியேறிய பின்பே காவல் விலகுகிறது. அம்முனை பருமனாக இருப்பதால் பிற துளைகளில் தவறாக நுழைவதில்லை.

கம்பியைக் காப்பதும் உயிரைக் காப்பதும்

‘பீஸ் போய்விட்டது’ என்று நாம் சொல்லும் மின் உருகி, அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது உருகிச் சுற்றைத் துண்டிக்கும் மெல்லிய கம்பியாகும். அதன் பணியை இன்று எம்.சி.பி. எனப்படும் தானியங்கித் துண்டிப்பான்கள் செய்கின்றன. கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர் எடுக்கும். 1500 வாட் கெண்டி 6.5 ஆம்பியர் எடுக்கும். 6 ஆம்பியருக்கான ஒரே நீட்டிப்புப் பெட்டியில் இரண்டையும் செருகினால் ஏறத்தாழ 11 ஆம்பியர் பாயும். கம்பி சூடேறி, மேலுறை இளகித் தீப்பற்றும் நிலை உருவாகும். இதனைத் தடுப்பதே உருகியின் கடமை.

ஆனால், உருகியும் எம்.சி.பி.யும் கம்பியைக் காப்பவை. தொடுபவரைக் காப்பவை அல்ல. ஓர் உடலில் பாயும் 230 மில்லி ஆம்பியர் என்பது 6 ஆம்பியர் துண்டிப்பானுக்குப் பொருட்டே அன்று. உயிர் போன பின்னும் அது விழாமல் நிற்கும். உடலைக் காப்பதற்கு உரியது கசிவு மின்னோட்டத் துண்டிப்பான். கடைவீதியில் இதனை ஆர்.சி.சி.பி. என்று கேட்டுப் பெறலாம். ஃபேஸ் வழியே சென்ற மின்னோட்டம் முழுவதும் நடுநிலை வழியே திரும்புகிறதா என்று இக்கருவி இடைவிடாது ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், ஒரு நொடியின் பத்தில் மூன்று பங்குக்குள் சுற்றைத் துண்டித்துவிடுகிறது.

புவியிணைப்பு இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். கசிந்த மின்னோட்டம் தரைவழியே திரும்பும் பாதையின் மொத்த மின்தடை 5 ஓம் எனக் கொள்வோம். அப்போது 46 ஆம்பியர் பாய்ந்து 6 ஆம்பியர் துண்டிப்பானை விழச்செய்யும். கோடையில் குழி காய்ந்து மின்தடை 50 ஓமாக உயர்ந்தால் பாய்வது 4.6 ஆம்பியர் மட்டுமே. துண்டிப்பான் விழாது, கருவியின் உடலில் ஆபத்து தங்கிவிடும். குழியில் அவ்வப்போது நீர் ஊற்றுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுவே. அந்நிலையிலும் கசிவுத் துண்டிப்பான் உடனே செயல்படும். பச்சைக் கம்பியும் கசிவுத் துண்டிப்பானும் ஒன்றற்கொன்று துணை. ஒன்றற்கொன்று மாற்று அல்ல.

தெரிந்து தெளிவோம்

கசிவுத் துண்டிப்பானின் முகப்பில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. திங்களுக்கு ஒருமுறை அதனை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் நின்றால் கருவி இயங்குகிறது என்று பொருள். நிற்காவிட்டால் மின்பணியாளரை அழைக்க வேண்டும். இப்பொத்தான் கருவியை மட்டுமே சோதிக்கும். பச்சைக் கம்பி நல்ல நிலையில் உள்ளதா என்பதைக் காட்டாது. ஒருவர் ஒரே நேரத்தில் ஃபேஸையும் நடுநிலையையும் தொட்டு, தரையோடு தொடர்பின்றி நின்றால் கசிவுத் துண்டிப்பானும் காக்க இயலாது.

வசதிக்காகக் கைவிடும் காவல்

வீட்டு மின்விபத்துகள் பலவற்றின் தொடக்கம் அறியாமை மட்டுமன்று. அவசரமும் சிக்கனமும் ஆகும். மும்முனைச் செருகி இருதுளைப் பொருத்தியில் நுழையவில்லை என்று புவியிணைப்பு முனையை உடைத்துவிடுவோர் உளர். உருகி அடிக்கடி அறுகிறது என்று மின்வடத்திலிருந்து பல இழைகளை எடுத்து முறுக்கிக் கட்டுவோர் உளர். அறுந்த உருகி தன் கடமையைச் செய்தது. தடித்த கம்பி கட்டப்பட்ட பின் வீட்டுச்சுவருக்குள் ஓடும் கம்பியே உருகியாகிவிடும்.

இவற்றினும் கொடிய பழக்கம் ஒன்று உண்டு. புவியிணைப்புக் குழி அமைக்கும் செலவைத் தவிர்க்க, மின்பொருத்தியின் புவி முனையை நடுநிலை முனையோடு ஒரு சிறு கம்பியால் இணைத்துவிடுவர். பார்வைக்கு எல்லாம் சரியாக இயங்கும். என்றேனும் நடுநிலைக் கம்பி வழியில் அறுபட்டால், கருவியின் உலோக உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். சொடுக்கியை ஃபேஸ் கம்பியில் பொருத்தாமல் நடுநிலைக் கம்பியில் பொருத்துவதும் இத்தகைய பிழையே. விளக்கு அணைந்திருக்கும், ஆனால் அதன் முனையில் மின்சாரம் விழித்திருக்கும்.

வீட்டின் வெளிப்புறத்தையும் நாம் மறக்கலாகாது. துணி உலர்த்தும் கொடிக்கு இரும்புக்கம்பி கட்டி, அதன் ஒருமுனையை மின்வடம் உரசும் தூணிலோ தகரக்கூரையிலோ பிணைக்கும் வழக்கம் உள்ளது. மேலுறை தேய்ந்த வடம் மழையில் நனைந்தால் கொடிக்கம்பி முழுவதும் மின்னேறும். ஈரத்துணியுடன் வரும் கை அதனைத் தொடும். கொடிக்கு நைலான் கயிறு கட்டுதல் சிறு மாற்றம்தான்; அதன் பயனோ பெரிது. மின்கம்பத்திலும் அதன் இழுவைக் கம்பியிலும் கால்நடைகளைக் கட்டுவதும் தவிர்க்கத்தக்கது.

தகுதியுடைய கையைத் தேர்தல்

நோய்க்கு மருந்து தருபவர் கற்றவராக இருக்கவேண்டும் என்பதில் நாம் உறுதியாக இருக்கிறோம். சுவருக்குள் மறைந்தோடும் கம்பியை அமைப்பவரிடமும் அதே உறுதி வேண்டும். மருத்துவரின் பிழை ஒருவரைத் தாக்கும்; கம்பியமைப்பின் பிழை அவ்வீட்டில் அடுத்தடுத்து வாழவரும் அனைவரையும் காத்திருந்து தாக்கும்.

உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரால், தகுதிச் சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளரின் பொறுப்பில், மின்னமைப்புப் பணிகள் நடைபெற வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் இடம்பெற்ற இந்நெறி, மத்திய மின்சார ஆணையம் 2010 ஆம் ஆண்டு வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் தொடர்ந்தது. மின்விளக்கு, விசிறி, உருகி, சொடுக்கி ஆகியவற்றை மாற்றுவது போன்ற சிறுபணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம், மேற்பார்வையாளர், கம்பியாள், கம்பியாள் உதவியாளர் எனப் பணிநிலைக்கேற்பத் தகுதிச் சான்றிதழ்களை வழங்குகிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர் பிரிவில் இரண்டாண்டுகள் பயின்று வெளிவருவோரும் இத்துறையில் பணியாற்றுகின்றனர்.

ஆகவே, மின்பணிக்கு ஒருவரை அழைக்கும்போது அவர்தம் சான்றிதழைக் காட்டுமாறு கேட்பது அவமதிப்பு ஆகாது. முறையாகக் கற்றவர் அதனைப் பெருமையுடன் காட்டுவார். பின்வரும் வினாக்களையும் பணிவுடன் கேட்கலாம். விளக்குகளுக்கும், வெந்நீர்க் கொதிகலன் போன்ற பெருங்கருவிகளுக்கும் எந்தெந்தப் பருமனுள்ள கம்பிகளை இடுவீர்கள்? கம்பியும் பொருத்தியும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றவையா? புவியிணைப்பின் மின்தடையை அளந்து காட்டுவீர்களா? கசிவுத் துண்டிப்பான் எங்கே அமையும்? பொருள்களின் பட்டியலையும் கூலியையும் எழுத்தில் தருவீர்களா? இவ்வினாக்களுக்குப் பொறுமையாக விடை சொல்பவரே நமக்குத் தேவையானவர்.

கூலி பேசும்போது இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று நாம் வற்புறுத்தும்போது பணியாளர் எதைக் குறைப்பார்? சுவருக்கு வெளியே தெரியும் விளக்கையும் சொடுக்கியையும் குறைக்க இயலாது. கண்ணுக்குத் தெரியாத பச்சைக் கம்பிதான் முதலில் குறையும்.

பணி நடக்கும்போது

தேர்ந்த பணியாளரை அவர் தொடங்கும் முறையிலேயே அறியலாம். முதலில் முதன்மைச் சொடுக்கியை நிறுத்துவார். பழைய வீடுகளில் பீஸ் கட்டையைக் கழற்றித் தம் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வார். பிறர் அறியாது மாட்டிவிடக்கூடாது அல்லவா? டெஸ்டரை மின்சாரம் உள்ள ஓரிடத்தில் வைத்து, அது வேலை செய்கிறது என்று உறுதிசெய்துகொள்வார். அதன்பின்பே பணி செய்யவேண்டிய கம்பியைச் சோதிப்பார். பணி முடிந்ததும் ‘மெக்கர்’ என்னும் கருவியால் 500 வோல்ட் அழுத்தத்தில் கம்பி உறைகளின் காப்புத் தடையை அளப்பார். அது 1 மெகா ஓமிற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும்.

வீட்டாருக்கும் கடமைகள் உண்டு. பணி நடக்கும் நேரத்தில் யாரும் முதன்மைச் சொடுக்கியைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சித் தொடருக்காகவோ மாவரைப்பதற்காகவோ அவரை அவசரப்படுத்தலாகாது. அவரும் மாலையில் தம் வீட்டிற்குத் திரும்ப வேண்டியவர். மின்கம்பம் முதல் மின்அளவி வரையிலான பகுதியில் குறை இருப்பின் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திற்கோ, 2021 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மின்னகம் சேவை மையத்திற்கோ தெரிவிக்க வேண்டும். அங்கே தனியார் பணியாளரை ஏறச்சொல்வது அவர் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

விபத்து நேர்ந்தால்

மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் தொட்டு இழுப்பது இரண்டாம் உயிரையும் இழக்கச் செய்யும். முதலில் முதன்மைச் சொடுக்கியை நிறுத்த வேண்டும். அது இயலாதபோது, உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டை அல்லது நெகிழிப் பொருளால் அவரை மின்கம்பியிலிருந்து விலக்க வேண்டும். இம்முறை வீட்டு மின்னழுத்தத்திற்கு மட்டுமே பொருந்தும். தெருவில் அறுந்து கிடக்கும் மின்கம்பியின் அருகே எக்காரணம் கொண்டும் செல்லலாகாது. பிறரையும் தடுத்து நிறுத்தி, மின்வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

உடனே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். அவர் உணர்வும் இயல்பான மூச்சும் இன்றிக் கிடந்தால், மார்பின் நடுவில் இரு உள்ளங்கைகளை வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வரை, ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்திற்கு அழுத்திவிட வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தலாகாது. எழுந்து நடந்து, ‘ஒன்றுமில்லை’ என்று அவர் சொன்னாலும் மருத்துவரிடம் காட்டுதல் நலம். இதயத் துடிப்பின் ஒழுங்கு பின்னரும் மாறலாம். மின்கசிவால் தீப்பற்றினால் இணைப்பைத் துண்டிக்கும்முன் நீரை ஊற்றவே கூடாது. உலர்ந்த மணலைப் பயன்படுத்தலாம்.

செருப்பு திரும்பிய இடம்

மீண்டும் அந்தக் கிரைண்டருக்கு வருவோம். தகுதி பெற்ற கம்பியாள் ஒருவர் வருகிறார். செருகியைத் திறந்து பார்க்கிறார். பச்சைக் கம்பி முனையிலிருந்து கழன்று, சுருண்டு கிடக்கிறது. அதனைப் பொருத்தி, முதன்மைப் பலகையில் கசிவுத் துண்டிப்பான் ஒன்றையும் அமைக்கிறார். கிரைண்டரை இயக்கிய நொடியே துண்டிப்பான் விழுகிறது. மீண்டும் இயக்கினாலும் விழுகிறது.

“நேற்றுவரை ஓடிக்கொண்டுதானே இருந்தது தம்பி? இதை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடேன்” என்கிறார் அம்மா.

“நேற்றும் இதே கசிவு இருந்ததம்மா. நேற்று அது உங்கள் கையில் தெரிந்தது. இன்று இந்தப் பலகையில் தெரிகிறது. மோட்டாரைச் சரிசெய்த பிறகு ஓட்டிக்கொள்ளுங்கள்” என்கிறார் அவர்.

ஒரு வீட்டின் பாதுகாப்பு இந்த விடையில்தான் இருக்கிறது. துண்டிப்பானை நீக்கி நேராக இணைத்துவிடுவது எளிது, அம்மாவும் மகிழ்ந்திருப்பார். அதனைச் செய்ய மறுக்கும் அறிவும் துணிவும் உடையவரையே நாம் தேடிக் கண்டடைய வேண்டும். அவர் மறுக்கும்போது அதனை ஏற்கும் தெளிவு நமக்கும் வேண்டும். மோட்டார் பழுதுநீங்கி வந்தபின் மாவரைப்பு முன்போல் நடக்கிறது. துண்டிப்பான் விழவில்லை, கையும் சுருக்கென்னவில்லை. கிரைண்டருக்கு அருகில் கிடந்த ரப்பர்ச் செருப்பு வாசலுக்குத் திரும்பிவிட்டது. பச்சைக் கம்பி சுவருக்குள் தன் காத்திருப்பைத் தொடர்கிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலுள்ள செருகிகளைப் பெரியவர் ஒருவரின் துணையுடன், இணைப்பிலிருந்து பிடுங்கியபின் பார்வையிடுக. புவியிணைப்பு முனை உடைந்தவற்றைப் பட்டியலிடுக.

2. உங்கள் ஊரிலுள்ள கம்பியாள் ஒருவரைச் சந்தித்து, அவர் தம் பணியில் கடைப்பிடிக்கும் பாதுகாப்பு முறைகளைக் கேட்டறிந்து நேர்காணலாக எழுதுக.

3. ‘மழைக்காலமும் மின்சாரமும்’ என்னும் தலைப்பில், தெருமக்கள் அனைவரும் படிக்குமாறு துண்டறிக்கை ஒன்றை எளிய தமிழில் உருவாக்குக.